அப்பாவின் கார் பேசும் ஐந்து வாக்கியங்கள்

என் அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை எழுதுவது. நீ அங்கே நலமாக இருப்பதை அம்மா ஞாயிறுதோறும் போனில் கேட்டுத் தெரிந்துகொள்கிறாள், அதனால் நான் தனியாக விசாரிக்கவில்லை. இங்கே அம்மா நலம், நான் நலம். அப்பா நலம் என்று அவரே சொல்லிக்கொள்கிறார். நலமில்லாதது நம் கார் ஒன்றுதான். அதற்குக் காரணம் நான். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். அம்மா போனை என் காதில் வைத்ததும் எனக்கு வாய் ஒட்டிக்கொள்ளும், உனக்கே தெரியும். நீ வேலைக்கென்று வெளியூர் போன இந்த ஏழு மாதத்தில் நான் உன்னோடு பேசியதையெல்லாம் சேர்த்தால் முப்பது ‘ம்’ தேறும். எழுந்து நின்று பாடத்தைச் சத்தமாகப் படி என்று சொன்னதற்கே பயந்து ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவள் நான். எழுதச் சொன்னால் எவ்வளவு வேண்டுமானாலும் எழுதுவேன். காகிதம் என்னை நிமிர்ந்து பார்ப்பதில்லை.

நீ போன பிறகு அப்பாவுக்குக் காரில் ஏறினால் எதுவும் நினைவில் நிற்பதில்லை. முன்பெல்லாம் விடுமுறை நாளில் நீ முன்சீட்டில் உட்கார்ந்து “அப்பா கதவு, அப்பா லைட்டு, அப்பா மெதுவா” என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போவாய். “டாக்ஸி ஓட்டுறது நானா நீயா?” என்று அவர் சலித்துக்கொள்வார். இப்போது சொல்ல ஆளில்லை. கைப்பிரேக்கை எடுக்காமலேயே ரயில் நிலையம் வரை போயிருக்கிறார். பட்டப்பகலில் ஹெட்லைட் எரிய மூன்று நாள் ஓட்டினார். ஒருநாள் டிக்கியைச் சரியாக மூடாமல் கிளம்பி, பயணியின் பெட்டி ரவுண்டானாவில் இறங்கிக்கொள்ள, பயணி மட்டும் வீடு போய்ச் சேர்ந்தார். அம்மா பயந்துவிட்டாள். “கடையில கம்ப்யூட்டரைப் பிரிச்சுப் பிரிச்சு மாட்டுறியே, உங்கப்பாவுக்கு ஞாபகப்படுத்துற மாதிரி ஒண்ணைச் செஞ்சு அந்தக் கார்ல வெச்சுக் குடுடி” என்றாள், என்னமோ ஒரு டீ போடச் சொல்வதைப் போல.

நானும் சரி என்று தலையாட்டிவிட்டேன். பேச வேண்டாத வேலை என்றால் நான் எதற்கும் தலையாட்டுவேன். நான் வேலை பார்க்கும் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடையில், திரை நொறுங்கிய லேப்டாப் ஒன்றின் மதர்போர்டு, தண்ணீர் கொட்டிய இன்னொன்றின் ரேம், யாரும் வாங்க வராத மூன்றாவதின் விசிறி எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்தேன். கடை முதலாளியை உனக்கு நினைவிருக்கும், எதைத் தொட்டாலும் முதலில் “சூடு பாத்தியா?” என்று கேட்பாரே, சூடண்ணன். அவர் என் சாமான்களைப் பார்த்துவிட்டு, “வீட்டுக் கம்ப்யூட்டரே மேசையில உக்காந்துக்கிட்டு ஆயிரம் வியாதி சொல்லுது, நீ அதைக் குண்டும் குழியுமான ரோட்டுல கூட்டிட்டுப் போகப்போறியா? சூடு பாத்தியா?” என்றார். பார்த்தேன் என்று தலையாட்டினேன். எல்லாவற்றையும் அடக்க ஒரு பெட்டி வேண்டியிருந்தது. அம்மாவின் ரொட்டி டப்பா அளவெடுத்துச் செய்ததைப் போல் பொருந்தியது. காற்றுப் போக நாற்பத்திரண்டு ஓட்டை போட்டேன். அம்மா டப்பாவை இரண்டு நாள் தேடினாள், மூன்றாம் நாள் அப்பாவின் சீட்டுக்கு அடியில் பார்த்தாள். “என் டப்பாவுக்கு அம்மை போட்ட மாதிரி என்னடி இது?” என்று கேட்டதோடு சரி, யோசனை தன்னுடையது என்பதால் மேற்கொண்டு திட்ட முடியவில்லை.

அடுத்து நடந்ததை எல்லாம் எழுதினால் கை வலிக்கும், ஆனாலும் எழுதுகிறேன், உன்னிடம் சொல்லாமல் இத்தனை நாள் வைத்திருந்ததே அதைவிட வலி. முதலில், அப்பா சாவியைத் திருகி இன்ஜினைக் கிளப்பும் ஒவ்வொரு முறையும் கம்ப்யூட்டர் செத்துவிடும், இன்ஜின் கிளம்பும் அந்த ஒரு நொடி பேட்டரியின் மின்சாரம் முழுவதையும் அதுவே விழுங்கிக்கொள்கிறது என்று கண்டுபிடிக்க எனக்கு ஒன்பது நாள் ஆயிற்று, அதைச் சமாளிக்கத் தனியாக ஒரு சின்னப் பேட்டரி வைத்தேன், வைத்ததும் கம்ப்யூட்டர் சாகவில்லை, சாவியை எடுத்த பிறகும் சாகவில்லை, ராத்திரி முழுக்க விழித்திருந்து பெரிய பேட்டரியையும் சேர்த்துக் குடித்துவிட்டது, காலையில் எதிர்வீட்டுத் தையல்காரரும் அவர் மனைவியும் அம்மாவுமாகக் காரைத் தெருமுனை வரை தள்ளினார்கள், தையல்காரர் இன்றுவரை என்னைப் பார்த்தால் இடுப்பைப் பிடித்துக்கொள்கிறார். அது சரியானதும் வேகத்தடையில் ஏறி இறங்கிய குலுக்கலில் ஹார்ட் டிஸ்க் கடகடவென்று சத்தம் போட்டு நின்றுபோனது. உள்ளே எதுவும் சுற்றாத வேறொரு டிஸ்க்கைச் சூடண்ணன் கொடுத்தார். பிறகு கதவு திறந்தால் உள்விளக்கு எரியுமே, அந்த வயர், பெட்ரோல் முள்ளுக்கு வரும் வயர், ஹெட்லைட் வயர், இன்ஜின் சூட்டைச் சொல்லும் வயர், வேகத்தைச் சொல்லும் வயர் ஐந்தையும் டப்பாவுக்குள் கொண்டுவந்தேன். பழைய ரேடியோ இருந்த இடத்தில் உள்ளங்கை அளவுக்கு ஒரு திரை. எல்லாம் முடிந்தது, பேசுவதற்கு ஒரு குரல்தான் இல்லை.

கம்ப்யூட்டரோடு வந்த குரலைப் போட்டேன். அது “வாகனத்தின் கதவு திறந்துள்ளது” என்றது. அப்பா துள்ளி எழுந்தார். “யாரு இந்தம்மா? யாரோ செத்துப்போன சேதியை வாசிக்கிற மாதிரி வாசிக்குது. எடு அதை.” என் குரலிலேயே பதிவு செய்யலாம் என்று கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு முயன்றேன். போட்டுக் கேட்டால் மூச்சு விடும் சத்தம் மட்டும் வந்தது.

அப்போதுதான் உன் பழைய போன் நினைவுக்கு வந்தது. நீ விட்டுப்போன அந்தக் கீறல் விழுந்த போன் அலமாரியில் இருந்தது. அதில் நீ வீட்டிலிருந்து எங்களுக்கு அனுப்பிய குரல் செய்திகள் இருந்தன. உன்னைக் கேட்காமல் எடுத்தேன், அது தப்புதான், மன்னித்துக்கொள். அவற்றிலிருந்து ஐந்து துண்டு வெட்டி, ஐந்து வயரோடு சேர்த்தேன். பெட்ரோல் குறைந்தால், “அப்பா, பசிக்குது, எப்ப வருவீங்க?” இன்ஜின் சூடானால், “ஐயோ பால் பொங்குது, யாராவது வாங்களேன்!” வேகம் போனால், “மெதுவா மெதுவா, தரையெல்லாம் ஈரம்.” ஹெட்லைட் எரிந்தபடி சாவியை எடுத்தால், “லைட்டை அணைச்சிட்டுத் தூங்குங்கப்பா.” கதவுக்கு மட்டும் வெட்டிய இடம் சரியாக அமையவில்லை. கதவு என்ற சொல்லோடு நீ விட்ட மூச்சிலேயே அடுத்ததும் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. அதனால் கதவு திறந்திருந்தால் கார் சொல்வது இது: “அப்பா, கதவைச் சாத்தலை, பூனை வந்திருச்சு.”

முதன்முதலாக அது பேசியபோது அப்பா ஒரு காலை உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் வைத்திருந்தார். அப்படியே நின்றுவிட்டார். நான் பின்சீட்டில் குனிந்து, வயர் ஒட்டும் டேப்பைச் சுற்றிக்கொண்டிருந்தேன், சுற்றி முடித்த பிறகும் சுற்றிக்கொண்டே இருந்தேன். டப்பாவை எடுத்துத் தெருவில் எறியப்போகிறார் என்று நினைத்தேன். உன் பெயரைச் சொன்னால் எழுந்து போய்விடுகிற மனிதர் இல்லையா. கடைசியில் என் பக்கம் திரும்பி, “இது உன் வேலையா?” என்றார். தலையாட்டினேன். “சத்தம் கொஞ்சம் கம்மியா இருக்கு” என்றார். அவ்வளவுதான்.

அக்கா, அன்றிலிருந்து அவர் கதவைச் சாத்துவதே இல்லை. பாதி மூடிக்கொண்டு தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வருகிறார். “கதவு திறந்திருக்கு!” என்று தையல்காரர் கத்தினால், “தெரியும், நீங்க சும்மா இருங்க, அது சொல்லட்டும்” என்கிறார். பயணிகள் பாடு சொல்லி முடியாது. பெரிய கைப்பையோடு ஏறிய ஓர் அம்மாள் பூனை என்றதும் இரண்டு காலையும் சீட்டின் மேல் தூக்கிக்கொண்டு, இறங்கும்வரை கீழே வைக்கவில்லையாம். “எங்க இருக்கு? எங்க இருக்கு?” என்று கேட்டதற்கு அப்பா, “அது ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி வந்த பூனைங்க” என்று சமாதானம் சொன்னாராம். இன்னொருவர், “உங்க பொண்ணு பசிக்குதுங்குது, நீங்க பாட்டுக்கு ஓட்டுறீங்களே, என்ன மனுஷன் நீங்க?” என்று நடுவழியில் கோபித்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

போன வாரம் மத்தியானம் சாப்பிடக் கூப்பிடப் போனேன். நல்ல வெயில். வாசலில் கார் நிற்கிறது, ஹெட்லைட் எரிகிறது, அப்பா உள்ளே உட்கார்ந்து சாவியைப் போடுவதும் எடுப்பதுமாக இருக்கிறார். ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் நீ “லைட்டை அணைச்சிட்டுத் தூங்குங்கப்பா” என்கிறாய். அவர் “சரிம்மா” என்கிறார். திரும்ப சாவியைப் போடுகிறார். நான் கூப்பிடாமல் வந்துவிட்டேன். சோறு ஆறிப்போனதற்கு அம்மா என்னைத் திட்டினாள்.

இதெல்லாம் பரவாயில்லை. பெட்ரோல் விஷயம்தான் வினையாகிவிட்டது. முள் அடியில் இருந்தால்தான் நீ பசிக்குது என்பாய், அதனால் அவர் முள் எழும் அளவுக்குப் பெட்ரோல் போடுவதே இல்லை. சொட்டுச் சொட்டாக ஊற்றி ஓட்டுகிறார். நேற்று ஒரு பல் டாக்டரைக் கூட்டிக்கொண்டு போனார். நானும் திரை அணைந்து அணைந்து எரிகிறதே என்று சரிபார்க்கப் பின்சீட்டில் போயிருந்தேன். டாக்டர் மடியில் ஓர் அட்டைப்பெட்டி, அதற்குள் யாருடையதோ ஒரு முழுப் பல்செட். காத்திருக்கும் நோயாளி காலையிலிருந்து பல்லில்லாமல் உட்கார்ந்திருக்கிறாராம். பாலத்தின் நடுவில் கார் இருமிக்கொண்டு நின்றது. பின்னால் அத்தனை வண்டியும் ஹாரன். நீ விடாமல் பசிக்குது பசிக்குது என்கிறாய். டாக்டர் பல்செட்டை என்னிடம் கொடுத்துவிட்டு இறங்கித் தள்ளினார். தள்ளிக்கொண்டே, “ஏங்க, அதுதான் பத்து நிமிஷமா சொல்லிக்கிட்டே வருதே, பங்க்கைத் தாண்டும்போதே பெட்ரோல் போட்டிருக்கலாம்ல?” என்று கேட்டார்.

அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடந்தபடியே சொன்னார். “போட்டா அவ பேசமாட்டா சார்.”

டாக்டர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். பாலம் முடியும்வரை தள்ளினார். நான் உள்ளே பல்செட்டை வைத்துக்கொண்டு அழுதேன், அது சிரித்துக்கொண்டிருந்தது.

செய்தி அம்மாவுக்குப் போய்விட்டது. “ஞாபகம் வர ஒரு மிஷினைச் செய்யச் சொன்னா, இருந்த புத்தியும் போற மாதிரி செஞ்சு வெச்சிருக்கே. ஒருநாள் லாரிக்கு முன்னாடி நின்னுதுன்னா என்னடி ஆகும்? ஞாயித்துக்கிழமைக்குள்ள கழட்டு” என்று உத்தரவு. அம்மா சொல்வது நியாயம். ஆனால் கழற்றினால் அப்பாவுக்கு நீ இரண்டாம் முறை போனதைப் போல் ஆகிவிடும். அதை என்னால் பார்க்க முடியாது, அக்கா. முதல் முறையே பார்த்திருக்கிறேன்.

அதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நீ கண்ணாடித் தொழிற்சாலை வேலைக்குக் கிளம்பிய காலையில், அப்பா காரைத் துடைத்துவிட்டு அதிலேயே உட்கார்ந்திருந்தார், உன்னை ஏற்றிக்கொள்ளவில்லை, நீ வேறொரு டாக்ஸியைப் பிடித்துப் பஸ் நிலையம் போனாய். ஊரையே கொண்டுபோய் விடுகிறவர் பெற்ற பெண்ணை மட்டும் கொண்டுபோய் விடவில்லையே என்று நீ அம்மாவிடம் சொல்லி அழுததும், அவர் முதலில் கூப்பிடட்டும் என்று நீயும், அவள் முதலில் கூப்பிடட்டும் என்று அவரும் உட்கார்ந்திருப்பதும் எனக்குத் தெரியும். வயர் இழுப்பதற்காக டாஷ்போர்டு டிராயரைக் காலி செய்தபோது அதில் ஒரு பெட்ரோல் ரசீது இருந்தது. நீ போன நாளின் தேதி. காலை ஐந்து பத்து. ஃபுல் டேங்க். அப்பா என்றைக்காவது டேங்கை நிறைத்து நாம் பார்த்திருக்கிறோமா? பஸ் நிலையத்துக்குப் போக அவ்வளவு பெட்ரோல் எதற்கு? அவர் உன்னைப் பஸ் ஏற்றிவிட நினைக்கவில்லை. அங்கேயே கொண்டுபோய் விட நினைத்திருக்கிறார். ‘என்னைக் கொண்டுபோய் விடுங்கப்பா’ என்று நீ கேட்பாய் என்று உட்கார்ந்திருந்தார். ‘ஏறிக்கோ’ என்று அவர் சொல்வார் என்று நீ நின்றிருந்தாய். எனக்குத்தான் வாய் இல்லை என்று இந்த வீட்டில் எல்லோரும் சொல்கிறீர்கள்.

ஆகவே ஒரு யோசனை செய்திருக்கிறேன். தப்பு செய்தால் பேசுவதை மாற்றி, சரியாகச் செய்தால் பேசும்படி வைத்துவிடலாம். டேங்க் நிறைந்தால் நீ பேச வேண்டும். கதவை ஒழுங்காகச் சாத்தினால் பேச வேண்டும். அப்படியென்றால் அவர் உன் குரலுக்காகவே உலகத்திலேயே கவனமான டிரைவர் ஆகிவிடுவார். ஆனால் அதற்குப் பொருத்தமான வாக்கியம் எதுவும் உன் பழைய போனில் இல்லை, தேடிவிட்டேன். நீ எங்களைப் பாராட்டிச் செய்தி அனுப்பியதே கிடையாது. அதனால் இந்தக் கடிதத்தோடு ஒரு மெமரி கார்டை மடித்து வைக்கிறேன். விசிறியை நிறுத்திவிட்டு, வாயை ரொம்ப ஒட்டி வைக்காமல், கீழே உள்ளதைப் பேசி அனுப்பு. அம்மா போனுக்கு அனுப்பாதே, அவள் முதலில் தையல்காரர் வீட்டுக்கெல்லாம் போட்டுக் காட்டுவாள்.

டேங்க் நிறைந்ததற்கு, ‘வயிறு நிறைஞ்சிடுச்சுப்பா’ என்று சொல். கதவுக்கு, ‘ம், இப்ப சரி’ போதும். லைட்டுக்கு எதுவும் வேண்டாம், அந்தப் பழையதை அவர் மாற்ற விடமாட்டார். மெதுவாக ஓட்டினால், ‘இப்படியே போங்கப்பா, எனக்கு அவசரமில்லை’ என்று சொல்லேன். வீட்டு வாசலில் நிறுத்தினால், ‘சாப்பிட்டீங்களா?’ என்று கேள். இதற்கு வயர் கிடையாது, ஆனால் எப்படியாவது ஓர் இடம் கண்டுபிடித்துவிடுவேன். கார்டில் இடம் மிச்சமிருந்தால், என்னை ‘ஏ குட்டி’ என்று கூப்பிடுவாயே, அப்படி ஒரு தடவை கூப்பிடு. அதை எந்த வயரிலும் மாட்டமாட்டேன். அது எனக்கு.

அப்பாவுக்கு இதெல்லாம் தெரியக்கூடாது. தயவு செய்து நீ கிளம்பி வந்துவிடாதே. அவராக இறங்கி வரும்வரை பொறுத்துக்கொள். அதுவரை காரைக் கொண்டு நான் சமாளிக்கிறேன்.

அம்மா உனக்குத் தன் அன்பைச் சொல்லச் சொன்னாள், கூடவே தலைக்கு எண்ணெய் வைக்கவும் சொன்னாள். சூடண்ணன் உனக்கு வணக்கம் சொன்னார், அங்கே வெயில் எப்படி என்று கேட்டார். அப்பாவின் ஆசிகளை அவரைக் கேட்காமலேயே எழுதுகிறேன். கேட்டால் தரமாட்டார், எழுதிவிட்டால் மறுக்கவும் மாட்டார். நீ எங்கே இருந்தாலும் நன்றாக இரு, கொஞ்சம் எங்களை நினைத்துக்கொண்டும் இரு.

இப்படிக்கு,
உன் வாயில்லாத தங்கை

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் செய்யாதே. கார்டில் ஒன்றும் பேச வேண்டாம். இந்தக் கடிதத்தைக் காரின் சீட்டில் வைத்துவிட்டு உறை ஒட்டப் பசை வாங்கப் போனேன். திரும்பி வந்தால் அப்பா மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு கடைசிப் பக்கத்தில் இருக்கிறார். பசை என் கையிலேயே காய்ந்தது. படித்து முடித்துவிட்டு, “பாலத்துக்கு நடுவுல நிக்கலை, முக்கால்வாசி தாண்டிட்டோம். இருக்கிறதை எழுது” என்றார். பிறகு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, “அந்த டப்பாவைக் கழட்டு” என்றார். நான் மாட்டேன் என்று தலையாட்டினேன். “கழட்டுன்னா கழட்டு. அவ வண்டியில ஏறுன பிறகு ரெண்டு பேரும் ஒரே நேரத்துல அப்பான்னு கூப்பிட்டா நான் எவளுக்குப் பதில் சொல்றது?”

நான்கு மாத வேலையை நாலு நிமிடத்தில் கழற்றிவிட்டேன். டப்பாவைக் கழுவி அம்மாவிடமே கொடுத்தாயிற்று, ஆனால் இனி அதில் ரொட்டி வைத்தால் காய்ந்துபோகும். இதை ஓடும் காரில் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் ரோட்டைத்தான் சொல்ல வேண்டும். அம்மா பக்கத்தில் தூங்குகிறாள். வழியில் மூன்று பேரிடம் அப்பாவே இறங்கி உன் தெருவை விசாரித்தார். இதோ வந்துவிட்டது. தபாலில் போடவில்லை, நானே மாடி ஏறி வந்து உன் கையில் கொடுப்பேன். கொடுத்துவிட்டுப் பேசாமல் நிற்பேன், தப்பாக நினைத்துக்கொள்ளாதே, எல்லாம் இதில் இருக்கிறது. மெதுவாகப் படி, அக்கா. ரொம்பவும் மெதுவாக வேண்டாம். மேலே வரக் கூச்சமாக இருக்கிறதென்று அப்பா இன்ஜினை அணைக்காமல் கீழே உட்கார்ந்திருக்கிறார்.